கையெழுத்துப் போடக் கூடாதவர்

போன கிழமை எங்கள் நலன்புரிச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

"புதுசா வேலைக்கு வந்த பெடியளுக்குப் பிரயோசனமா ஒரு அனுபவம் எழுதுங்கோ அண்ணை. டீசல் பம்பைப் பற்றி எழுதினாலும் நல்லம். அதிலை நீங்கள்தானே மன்னன்" என்றார்.

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அவர் கவனிக்கவில்லை. தேநீரைக் குடித்தார், வெயிலைப் பற்றிக் கதைத்தார், போய்விட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னால் எழுத வேண்டும் என்றுதான் அன்றே கடதாசியை எடுத்தேன். மலரில் போட மனமில்லாவிட்டால் திருப்பித் தரட்டும். எப்படியும் மலர் வருவதற்கு முன்னாலேயே நானே படியெடுத்து உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தருவேன்.

தம்பிமாரே, டீசல் பம்பைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, வாசியுங்கள். நான் எழுதப் போவது அந்தப் பம்பை எங்கள் நிலையத்தில் முதன்முதலாகக் கழற்றிப் பூட்டியவரைப் பற்றி. அவருடைய பெயரை எழுத மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, வாசித்துக்கொண்டு போனால் விளங்கும். நிலையத்தின் பெயரும் வேண்டாம். உங்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் நிலையம் கிளிநொச்சிக்குக் கிட்ட, காடு வெட்டித் துப்புரவாக்கிய ஒரு வெளியில் இருந்தது. குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்தவர்களுக்கு உழவு இயந்திரங்களை அனுப்புவதும், பழுதானால் திருத்துவதும் எங்கள் வேலை. வேலையாட்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் சாவகச்சேரிப் பக்கம். வன்னிக்கு வந்து பத்து வருஷம் ஆகவில்லை, அதற்குள் இந்த மண்ணை நாங்களே உண்டாக்கியது போல எங்களுக்கு ஒரு மிதப்பு. எங்களிடம் ஒருவரும் அனுமதிப் பத்திரம் கேட்டதில்லை என்பதை அப்போது நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

புதிய டீசல் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஓட்ட ஆட்கள் இருந்தார்கள். இயந்திரத்துக்கு டீசலை அளந்து செலுத்தும் பம்பு பழுதானால் தொட ஆள் இல்லை. கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினால் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும். அதற்குள் உழவுக்கான மழை பெய்து முடிந்துவிடும். இப்படி ஒரு போகம் முழுக்கக் கமக்காரரிடம் திட்டு வாங்கிய பிறகு, மேலிடம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை ஒப்பந்தத்தில் எடுத்தது. அவர் அங்கே பத்து வருஷம் இதே வேலை செய்தவர். முப்பத்திரண்டு வயது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து. மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தலைமன்னார் வழியாக வந்து சேர்ந்தார். ஒரு வருஷம் தங்க அனுமதி. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு எங்கள் நிலையம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். "இந்த வேலை தெரிந்தவர் எங்களிடம் வேறு எவரும் இல்லை" என்று அந்தக் கடிதத்தில் ஒரு வசனம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருப்பதும் போவதும் அதில்தான் தொங்கியது.

முதல் நாள் அவரிடம் என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் காது கேட்காத தூரத்தில் நின்று, "என்ன ஆக்களாம்?" என்று அவருடைய சாதியைத்தான் ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

"ஆருக்குத் தெரியும்? வடக்கத்தியான் எண்டால் என்னெண்டு அறியிறது?"

நாங்கள் பேசுகிற அதே தமிழைப் பேசுகிற மனிதரை, வந்த அன்றே, இந்தியாவிலிருந்து வந்தவனைச் சொல்லும் வடக்கத்தியான் என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். தேநீர் நேரம் வந்தது. எங்கள் எனாமல் கோப்பைகள் சுவரில் ஆளுக்கொரு ஆணியில் தொங்கும். தேநீர் ஊற்றுகிற காவலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரின்பால் வந்த வெறும் தகரப் பேணி ஒன்றைக் கழுவி அதில் ஊற்றி நீட்டினார். "ஒண்டும் தெரியாமல் கோப்பையைக் குடுத்துப் பிறகு பிரச்சினை வரக் கூடாதெல்லே" என்று என்னிடம் சமாதானம் சொன்னார். வந்தவர் குடித்தார். பேணியைத் தானே கழுவி யன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தார். இரண்டு வருஷமும் அந்தப் பேணி அந்த விளிம்பில்தான் இருந்தது. எனக்கும் ஒரு ஆணியும் ஒரு சுத்தியலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நான் அடிக்கவில்லை.

அடுத்தது கருவிகள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறையத் தன் சொந்தக் கருவிகளைக் கொண்டுவந்திருந்தார். வேலைத்தளத்தில் கருவி என்றால் அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. அலுமாரித் திறப்பு நிரந்தர ஊழியரிடம் மட்டும் இருக்கலாம் என்பது இன்னொரு விதி. இரண்டு விதியையும் சேர்த்ததில், தன் கருவியைத் தான் எடுப்பதற்கு அவர் ஒவ்வொரு காலையும் நான் வரும்வரை அலுமாரிக்கு முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. நான் பிந்தி வருகிற ஆள்.

மூன்றாவதுதான் பெரியது. எங்களிடம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. எந்த இயந்திரம், என்ன பழுது, என்ன செய்யப்பட்டது என்று எழுதி, செய்தவர் கீழே கையெழுத்துப் போடுவார். முதல் பம்பைத் திருத்தி முடித்து அவர் அட்டையையும் பேனையையும் எடுத்தபோது, அலுவலகத்தின் தலைமை எழுத்தரான சீவ் கிளாக்கர் ஓடி வந்து அட்டையை வாங்கினார்.

"நீர் போடக் கூடாது. நாளைக்கு ஏதும் பிழைச்சால் இந்தியாவிலை வந்தே உம்மைப் பிடிக்கிறது? நிரந்தர ஆள் ஒருவர் போடட்டும்" என்று சொல்லி என் பக்கம் நீட்டினார்.

நான் போட்டேன். கை கூசவில்லை. விதி அது, வேலை ஓட வேண்டும், ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்தேன். அன்றைக்குத் தொடங்கி அவர் திருத்திய ஒவ்வொரு பம்பின் அட்டையிலும் என் கையெழுத்து விழுந்தது. சில நாள் மூன்று நான்கு அட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டே போட்டிருக்கிறேன்.

வந்த முதற் கிழமையிலேயே அவர் ஒரு பிழையைக் கண்டார். எங்கள் டீசல் பீப்பாய்கள் வெளி முற்றத்தில் வரிசையாக நிமிர்ந்து நின்றன. அவர் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, பீப்பாய இப்பிடி நட்டமா வெக்கக் கூடாதுங்க. படுக்க வெச்சிருங்க. மழை பேஞ்சா மேல தண்ணி தேங்குமுங்க. வெயில்ல சூடேறின பீப்பா மழையில குளுந்ததும் அந்தத் தண்ணிய மூடி வழியா உள்ள உறிஞ்சிக்கும்."

நான் அதைச் சீவ் கிளாக்கரிடம் கொண்டுபோனேன். அவர் தன் கதிரையில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார்.

"புதுசா வந்த ஆள் எங்களுக்குப் பீப்பா வைக்கப் பழக்கிறார், கேட்டியளே? இலக்கம் அடிச்சிருக்கிறது மேல் மூடியிலை. படுக்க வைச்சால் நான் குனிஞ்சு குனிஞ்சே இலக்கம் பாக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னது சரியா பிழையா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். யோசிக்கவில்லை. யார் சொன்னார் என்று பார்த்தோம், அத்துடன் விஷயம் முடிந்தது.

இதற்கிடையில் மேலிடம் என்னை அவரிடம் வேலை பழகச் சொன்னது. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவரிடம் போய்க் குனிந்து நிற்பது எனக்குக் கசந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நான் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பகலில் தன் குவாட்டர்ஸுக்கே கூப்பிட்டு, பழைய பம்பு ஒன்றைச் சாக்கில் பரப்பி வைத்து விளங்கப்படுத்துவார். ஒருநாள் அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் இருக்கிறேன் என்று பாராமல் நேராகவே கேட்டா.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, அப்பறம் நம்மள எதுக்குங்க வெச்சிருப்பாங்க?"

அவர் சிரித்தார். "அண்ணன் அப்பிடிப்பட்டவரில்ல" என்றார்.

நானும் பல்லைக் காட்டினேன். அவா சிரிக்கவில்லை. மகள் மட்டும் முற்றத்தில் அயல் பிள்ளைகளோடு கெந்தித் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் சேர்ந்து மூன்று மாதத்தில் அவள் எங்களைப் போலவே "ஓம்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

ஐப்பசி வந்தது. காலபோக உழவுக்காகக் கமக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை பதினொரு இயந்திரங்களுக்கும் டீசல் நிரப்பி வரிசையில் விட்டோம். அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து உழவைத் தொடக்கி வைக்க இருந்தார். மாலை, வாழைமரம், நிறைகுடம் எல்லாம் தயார். தர்மபுரத்துக்குப் போக வேண்டிய ஒரு இயந்திரத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். அது பாதிவழியில் நின்றுவிட்டது என்று ஓர் ஆள் வந்து சொன்னார்.

கோயம்புத்தூர்க்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அரை மணித்தியாலத்தில் சேறு தெறித்த உடுப்போடு திரும்பி வந்து, முற்றத்தின் நடுவில் நின்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

"ஒரு மிசினையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க! டீசல்ல தண்ணி இருக்குதுங்க! ஓட்டினா அத்தனை பம்பும் போயிரும்!"

பொறுப்பதிகாரி வெள்ளைக் காற்சட்டையோடு படியில் நின்றார். வாசலில் தர்மபுரத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் வந்த கமக்காரர் கூட்டம். "மழை விழுந்து மூண்டு நாள். மெசினை இண்டைக்கு விடுவியளோ, இல்லாட்டி மாலை போட்டுப் படம் எடுக்கத்தானோ?" என்று ஒருவர் கேட்டார். பெரியவரின் கார் முறிகண்டி தாண்டிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று செய்தி வந்திருந்தது.

"எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் பொறுப்பதிகாரி. "ஒரு மெசின் நிண்டதுக்கு இவ்வளவு கூத்தே? இந்த ஆளுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?"

கோயம்புத்தூர்க்காரர் நட்டுக் கழற்றும் சாவி ஒன்றை எடுத்தார். வரிசையில் நின்ற முதல் இயந்திரத்தின் டீசல் குழாயைக் கழற்றிச் சாக்குக்குள் போட்டார். இரண்டாவது. மூன்றாவது. பத்தையும் கழற்றினார். பிறகு சாக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈர நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். "வேலைய விட்டு அனுப்பிருங்க. இதக் குடுக்க மாட்டேனுங்க" என்றார். தங்க அனுமதியைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்கிற ஒருவர் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

பொறுப்பதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்?"

என் வாழ்நாளில் நெருக்கடி நேரத்தில் நான் சரியாகச் செய்தது அந்த ஒரு காரியம்தான். ஒரு சோடாப் போத்தலை எடுத்து, நாங்கள் நிரப்பிய பீப்பாயின் அடியிலிருந்து டீசல் எடுத்து, வெயிலில் பிடித்துக் காட்டினேன். மேலே டீசல், கீழே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். பொறுப்பதிகாரி அதைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், உள்ளே போனார். மத்தியானம் தாண்டும் வரை பத்து இயந்திரங்களையும் வடித்துத் துடைத்து நல்ல டீசல் ஊற்றினோம். பெரியவர் காத்திருந்துதான் தொடக்கி வைத்தார். தர்மபுரம் பாதையில் நின்ற இயந்திரத்தின் பம்பு இறுகிப் போயிருந்தது. அதைக் கோயம்புத்தூர்க்காரர் நான்கு நாள் இருந்து உயிர்ப்பித்தார். அந்தப் போகத்தில் ஒரு துண்டு வயலும் உழாமல் கிடக்கவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். இறுகிய பம்பின் அட்டையில் என் கையெழுத்து. பொறுப்பதிகாரி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், டீசலில் தண்ணீர் இருப்பதைப் போத்தலில் பிடித்துக் காட்டி இயந்திரங்களைக் காப்பாற்றியவன் நான். சாக்கோடு நிலத்தில் குந்தியவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சீவ் கிளாக்கர் அறிவித்தல் பலகையில் ஒட்டிய கடதாசியில், இனிமேல் பீப்பாய்கள் படுக்கவைக்கப்பட வேண்டும் என்றும், இது என்னுடைய ஆலோசனை என்றும் இருந்தது. வாசித்துவிட்டு நான் அவரிடம் போய், "இது நான் சொன்னதில்லையே" என்றேன்.

"ஒப்பந்தக்காரரின்ரை ஆலோசனையைப் போட இடமில்லை. உம்மடை பேரிலை கிடக்கட்டும்" என்றார்.

கிடக்கட்டும் என்று நானும் விட்டேன். தம்பிமாரே, அந்தச் சொல்லில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது. ஒருவரும் அவரை அடிக்கவில்லை, முகத்துக்கு நேரே ஏசவில்லை. எல்லோரும் விதிப்படி நடந்தோம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பகையோடு செய்திருந்தால் எதிர்த்து நிற்க ஒரு முகமாவது அவருக்குக் கிடைத்திருக்கும்.

முதல் வருஷம் கடிதம் கொடுத்தார்கள், அனுமதி புதுப்பிக்கப்பட்டது. இரண்டாம் வருஷக் கடைசியில் அவர் மறுபடி விண்ணப்பித்தபோது, பொறுப்பதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அட்டைகள் இரண்டு அடுக்காக இருந்தன. பக்கத்தில் சீவ் கிளாக்கர்.

"பம்பு வேலை முழுக்க நீர்தான் செய்திருக்கிறீர் எண்டு அட்டை சொல்லுது. அப்ப வேலை தெரிஞ்ச ஆள் இல்லை எண்டு நாங்கள் எப்பிடிக் கடிதம் குடுக்கிறது?" என்றார் பொறுப்பதிகாரி.

"அது அவர் செய்தது ஐயா. நான் கையெழுத்து மட்டும்தான்..."

"அந்தக் கதை வேண்டாம். உம்மாலை ஏலுமோ ஏலாதோ? அதைச் சொல்லும். போர்மன் வேலைக்கும் உம்மடை பேரைத்தான் அனுப்பியிருக்கிறன்."

எனக்குப் பம்பைக் கழற்றத் தெரியும், பூட்டத் தெரியும். கடைசியில் அளவு வைக்கிற வேலை, அதுதான் பம்பின் உயிர், அது என் கையில் அரைகுறை. அவருக்கு அது விரல் நுனியில் இருந்தது. ஏலாது, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏலாது என்றால் அந்த இரண்டு அடுக்கு அட்டையும் பொய் என்று ஆகும். எனக்கு மூன்று பிள்ளைகள்.

"கொஞ்சம் ஏலும் ஐயா" என்றேன்.

சீவ் கிளாக்கர் எழுதினார். எழுதியதை என் முன்னால் தள்ளினார். அதில் "ஏலும்" என்று மட்டும் இருந்தது. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து அரை மணித்தியாலம் மாமரத்தடியில் நின்றேன். மனம் கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சீவ் கிளாக்கரிடம், "மாத்தி எழுதுங்கோ. என்னாலை ஏலாது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "அப்ப இவ்வளவு அட்டையிலையும் பொய்க் கையெழுத்துப் போட்டனீர் எண்டும் சேர்த்து எழுதவோ?"

அந்தக் கையெழுத்துகளைப் போடச் சொன்னதே அவர்தான். அந்த நியாயத்தை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தப் பதிலை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இறந்து நான்கு வருஷம்.

கடிதம் மறுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவர் அலுவலகத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். ஊரில் வேலை தேட, இரண்டு வருஷம் இங்கே பம்பு வேலை செய்தார் என்று ஒரு சான்றிதழ். அட்டை ஒன்றிலும் அவர் பெயர் இல்லை, ஆகவே அப்படி எழுத ஆதாரம் இல்லை என்றார்கள். "ஒப்பந்த அடிப்படையில் இருந்தார்" என்று ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். என்ன செய்தபடி இருந்தார் என்று அதில் இல்லை.

அவர் என்னிடம் கோபத்தோடு வந்தார். நல்லவர் என்பதற்காக அவரை நான் சாதுவாகக் காட்ட மாட்டேன்.

"கத்துக் குடுத்தது என் தப்பில்லீங்க. இவன்தான் செஞ்சான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை" என்றார். அதன்பிறகு என்னை அண்ணா என்று அவர் கூப்பிடவில்லை.

அவர்கள் புறப்படுகிற அன்று காலை நான் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். அட்டை இலக்கங்களை வரிசையாகப் போட்டு, இவை எல்லாம் இன்னார் செய்த வேலை, நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று எழுதி, என் முழுப் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். கிளிநொச்சி ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் ஓடினேன். அவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தை மனைவியின் கையில் கொடுத்தேன். அவா ஒரு வரி விடாமல் வாசித்தா.

"இத ஆபீசுல சொன்னீங்களா?"

"இல்லை."

அவா கடிதத்தை மடித்தா. மடிப்பு நேராக வரும்படி நகத்தால் அழுத்தி, என்னிடமே நீட்டினா.

"அங்க சொல்லாதத இங்க எழுதிக் குடுத்து என்னங்க பண்றது? ரெண்டு வருசம் அவரு செஞ்சதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு. இனிமே உங்க கையெழுத்துக்கு மேல அவரு பேரு வேணாமுங்க."

அவர் பெயரை நான் இங்கே எழுதாத காரணம் இதுதான். இந்தக் கட்டுரையின் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ரயில் நகர்ந்தபோது அந்தப் பிள்ளை மட்டும் யன்னலால் தலையை நீட்டி, "போட்டு வாறன் மாமா" என்று கை காட்டினாள். எங்கள் ஊர்ப் பிள்ளை சொல்வது போலவே சொன்னாள். எனக்குக் கை எழும்பவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நேரே பொறுப்பதிகாரியிடம் போய் அதே கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்தார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை நான் ஏற்றுக்கொண்டால் நிலையம் மேலிடத்துக்குப் பொய் எழுதினது எண்டு வரும். கடிதத்தைக் கொண்டு போம். இது இங்கை வரவேயில்லை" என்றார்.

அடுத்த மாதம் நான் போர்மன். அடுத்த ஐப்பசியில் இரண்டு பம்புகள் போயின. என் அரைகுறைக் கை பிடிபடாமல், பழையபடி கொழும்புக்குத்தான் அனுப்பினோம். தர்மபுரத்தில் பன்னிரண்டு பேருடைய வயல் அந்தப் போகம் உழாமல் கிடந்தது. அதற்கு ஒரு அட்டையும் எழுதப்படவில்லை. அளவு வைக்கும் வேலை எனக்குச் சரியாகப் பிடிபட இன்னும் மூன்று வருஷம் எடுத்தது. செயலாளர் சொல்லும் மன்னன் அப்படித்தான் உருவானான்.

போன ஆனியில் எனக்குப் பிரியாவிடை நடந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, பீப்பாய்களைப் படுக்கவைக்கச் சொன்னது, பதினொரு இயந்திரங்களைக் காப்பாற்றியது எல்லாவற்றையும் என் சாதனைகளாக வாசித்தார்கள். நான் பொறுக்க முடியாமல் எழுந்து, இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை, வேறொருவர் செய்தார், அவரை நாங்கள் துரத்திவிட்டோம் என்று சொன்னேன். பெயர் சொல்ல முடியவில்லை. முன்வரிசையில் ஒருவர், "பாருங்கோ, எவ்வளவு அடக்கமான மனிசன்!" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். எழுந்து நின்று தட்டினீர்கள். எனக்கு இரண்டாவது மாலையும் போட்டீர்கள்.

செயலாளர் அன்று படலையைத் திறந்துகொண்டு போகும்போது இன்னொரு கதையும் சொன்னார். லேத் வேலைக்கு ஒரு மலையாளத்தான் திங்கட்கிழமை வருகிறானாம். நல்ல வேலைக்காரனாம், ஆனால் பார்த்துத்தான் பழக வேண்டுமாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வருகிற திங்கட்கிழமை காலை அவர் வருவதற்கு முன்னால் சுவரில் ஒரு ஆணி அடித்து ஒரு கோப்பையைத் தொங்கவிடுங்கள். அலுமாரித் திறப்பில் ஒன்றை அவரிடம் கொடுங்கள். அவர் முதல் வேலையை முடித்ததும் அலுவலகத்திலிருந்து யாராவது ஓடி வந்து அட்டையை உங்கள் பக்கம் நீட்டுவார்கள். அந்த நேரம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.